சின்னக் கல்லூரியில் கணிதமும் கணினி அறிவியலும்: நாங்கள் பார்த்தது, கேட்டது

என் மகள் கணிதமும் கணினி அறிவியலும் சேர்த்துத்தான் படிப்பேன் என்று உறுதியாக இருந்தாள். அமெரிக்காவில் சுமார் இரண்டாயிரம் பேரோ அதற்கும் குறைவாகவோ படிக்கும் கல்லூரிகளை அவள் பட்டியலில் சேர்த்ததும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “இதெல்லாம் யாருக்குத் தெரியும்?” வில்லியம்ஸ், ஸ்வார்த்மோர், ஹார்வி மட் எல்லாம் நம் வீடுகளில் அடிபடாத பெயர்கள்தான். ஆனால் பிஎச்டிக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் கணிதத் துறைகளுக்கு இவை நன்றாகவே தெரியும்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் நூலகம், விடுதி, ஜிம் என்று சுற்றிக் காட்டுவார்கள். அதைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு ஒரு வகுப்பில் போய் உட்காருங்கள். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் பல இடங்களில் அனுமதிக்கிறார்கள். ஒரு கல்லூரியில் நாங்கள் உட்கார்ந்தது ரியல் அனாலிசிஸ் வகுப்பு, அதாவது கால்குலஸின் அடிப்படைகளை நிறுவிக் காட்டும் பாடம். பத்துப் பேர்கூட இல்லை. தொடர்ச்சியான சார்புகளின் வரிசை ஒன்று புள்ளிக்குப் புள்ளி ஒருங்கினால் (ஒவ்வொரு எக்ஸிலும் தனித்தனியாக ஒரு மதிப்பை நெருங்கினால்), அதன் எல்லையும் தொடர்ச்சியானதுதான் என்று ஒரு பையன் பலகையில் நிறுவிக்கொண்டிருந்தான். பேராசிரியர் தப்பு என்று சொல்லவில்லை. “நீ எடுத்த எண், எக்ஸ் மாறினால் மாறுமா?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். வகுப்பே அமைதி. கடைசியில் பின்னாலிருந்த பெண் எக்ஸ், எக்ஸ் ஸ்கொயர், எக்ஸ் க்யூப் என்று பூஜ்யம் முதல் ஒன்று வரை போட்டுப் பார்க்கச் சொன்னாள். எக்ஸ் ஒன்றாகும் இடத்தில் மட்டும் எல்லை பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்குக் குதிக்கிறது! அந்தப் பையன் தானே நிறுவலை அழித்துவிட்டு எந்த வரியில் உடைந்தது என்று தேட ஆரம்பித்தான். முந்நூறு பேர் உட்காரும் அரங்கில் இதற்கு வழியே இல்லை. என் மகள் முடிவெடுத்தது அங்கேதான்.

சரி, இதற்கு மறுபக்கமும் உண்டு. பாடப் பட்டியலில் டோப்பாலஜி, எண் கோட்பாடு, கம்பைலர் எல்லாம் இருக்கும். ஆனால் சிலவற்றை இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் நடத்துவார்கள். அதை எடுக்கும் ஒரே பேராசிரியர் சபாட்டிகல் என்ற நீண்ட ஆராய்ச்சி விடுப்பில் போய்விட்டால் அதுவும் இல்லை. அதனால் பாடப் பட்டியலை நம்பாதீர்கள். கடந்த நான்கு செமஸ்டர்களில் உண்மையில் எந்தெந்த வகுப்பு நடந்தது என்று கால அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பக்கத்துக் கல்லூரிகளில் பாடம் எடுக்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஹார்வி மட், போமோனா இரண்டும் கிளேர்மான்ட் கூட்டமைப்பில் இருக்கின்றன. ஸ்வார்த்மோர் மாணவர்கள் ஹேவர்ஃபோர்டிலும் பிரின் மாரிலும் படிக்கலாம். ஆம்ஹெர்ஸ்டுக்கு மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகமே பக்கத்தில் இருப்பது கணினிக்காரர்களுக்குப் பெரிய பலம்.

* * *

மேலே ஒரு பெற்றோர் சொன்னதோடு, இந்தியாவிலிருந்து எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வந்து படித்தவன் என்ற முறையில் கொஞ்சம் சேர்க்கிறேன். கோடை விடுமுறையில் ஆர்இயூ என்ற ஆராய்ச்சித் திட்டங்கள் நடக்கும். பெரும்பாலானவற்றுக்கு அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தருகிறது. அந்தப் பணம் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு மட்டும்தான். அதனால் கல்லூரி தன் சொந்தப் பணத்தில் கோடை ஆராய்ச்சி தருமா, அதில் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பார்களா என்று சேரும் முன்பே கேளுங்கள். எனக்கு அது கிடைத்தது. அதை வைத்துத்தான் பேராசிரியர் பரிந்துரைக் கடிதத்தில் நான் எந்தக் கணக்கில் எப்படி யோசித்தேன் என்று ஒரு பக்கம் எழுத முடிந்தது.

கணிதத்தில் ஆழம் போதவில்லை என்றால் ஹங்கேரியில் போய் ஒரு செமஸ்டர் கணிதம் படிக்கும் புடாபெஸ்ட் செமஸ்டர்ஸ் திட்டம் இருக்கிறது. 1985 முதல் நடக்கிறது, ஆங்கிலத்திலேயே பாடம். காம்பினட்டோரிக்ஸ் (எத்தனை விதமாக அடுக்கலாம், சேர்க்கலாம் என்று எண்ணும் கணிதம்) பிடித்தவர்கள் தவறவிடவே கூடாது.

அப்புறம் இன்னொன்று. நான் படித்த இடத்தில் கணினி வகுப்புகளுக்குக் கூட்டம் தாங்காமல் குலுக்கல் முறையில் இடம் தந்தார்கள். இரண்டாம் ஆண்டில் அல்காரிதம்ஸ் கிடைக்காமல் ஒரு வருடம் காத்திருந்தேன். கணினியை மேஜராக அறிவித்தவர்களுக்கு முன்னுரிமை உண்டா என்று சேர்க்கை அலுவலகத்தைக் கேட்காதீர்கள், இரண்டாம் ஆண்டு மாணவர்களைக் கேளுங்கள்.

* * *

மேலே எழுதிய இருவரின் அனுபவத்துக்கு மாறான ஒன்றை நான் சொல்கிறேன். என் தம்பி பள்ளியிலேயே லீனியர் அல்ஜிப்ராவும் மல்டிவேரியபிள் கால்குலஸும் முடித்துவிட்டான். அவனுக்குச் சின்னக் கல்லூரியின் கணிதப் பாடங்கள் இரண்டரை வருடத்தில் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டோம். பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தான், மூன்றாம் ஆண்டிலேயே முதுகலை மாணவர்களோடு மெஷர் தியரி படித்தான். ஆனால் அங்கே பேராசிரியர்களின் அறைக் கதவை அவனாகத்தான் போய்த் தட்ட வேண்டியிருந்தது. கூச்ச சுபாவமுள்ள பிள்ளை என்றால் இதையும் யோசியுங்கள்.