கிரானைட் சான்றுப்பொருளில் சிர்கோனியம் இரண்டு கொத்தாகப் பிரிகிறது: சராசரி எடுக்கலாமா?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஆய்வகத்துக்காக ஒரு கிரானைட்டை அரைத்து, சுவடுத் தனிமங்களுக்கான (மிகச் சிறு அளவில் உள்ள தனிமங்கள்) சான்றுப்பொருளாக்க, அதாவது அளவீடுகளைச் சரிபார்க்க உதவும் மதிப்பறிந்த பொருளாக்க, முயன்று வருகிறேன். பொடியை எட்டு ஆய்வகங்கள் அளந்தன. ரூபிடியத்திலும் ஸ்ட்ரான்சியத்திலும் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். சிர்கோனியத்தில் மட்டும் ஐந்து ஆய்வகங்கள் 510 முதல் 530 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) வரையும், எங்களையும் சேர்த்து மூன்று ஆய்வகங்கள் 380 முதல் 420 வரையும் தந்துள்ளன. ஹாஃப்னியமும் அவ்வாறே பிரிகிறது. நாங்கள் 100 மில்லிகிராம் பொடியை ஹைட்ரோபுளோரிக், நைட்ரிக் அமிலங்களில் சூட்டுத்தட்டின் மேல் கரைத்து ஐசிபி-எம்எஸ் என்ற நிறமாலைமானிக் கருவியில் (தனிமங்களை அயனியாக்கி நிறைப்படி எண்ணுவது) அளந்தோம். உடன் ஓட்டிய பிஎச்விஓ-2 என்ற பசால்ட் சான்றுப்பொருளில் சிர்கோனியம் 171 வந்தது. அதன் சான்று மதிப்பு 172. எனவே கருவியைச் சந்தேகிக்க இடமில்லை. எட்டுக்கும் சராசரி எடுத்து, நிச்சயமின்மையைச் சற்று அகலமாகக் கொடுக்கலாமா?

மறுமொழி 1

தயவுசெய்து சராசரி எடுக்க வேண்டாம். இரண்டு கொத்துக்கும் நடுவில் வரும் அந்த எண்ணை எந்த ஆய்வகமும் அளக்கவில்லை. பிஎச்விஓ-2 என்பது ஹவாயில் 1919-இல் ஹலேமௌமௌ வாயிலிருந்து வழிந்த எரிமலைக் குழம்பு. அதன் சிர்கோனியம் எளிதில் கரையும் கண்ணாடியிலும் பைராக்சீன் கனிமத்திலும் இருப்பதால், அது சரியாக வந்தது உங்கள் கிரானைட்டுக்குச் சாட்சியாகாது. கிரானைட்டில் சிர்கோனியத்தின் பெரும்பகுதி சிர்கான் என்ற கனிமத்தின் மணிகளுக்குள் அடைபட்டிருக்கும். சூட்டுத்தட்டு வெப்பத்தில் அமிலம் அவற்றை முழுதாகக் கரைப்பதில்லை. எஃகு உறையிட்ட டெஃப்லான் கலத்தில் 190 பாகை செல்சியஸில் சில நாள் வைக்க வேண்டும், அல்லது லித்தியம் மெட்டாபோரேட்டுடன் உருக்க வேண்டும். கொலராடோவின் சில்வர் ப்ளூம் கிரானோடயரைட்டிலிருந்து (கிரானைட் போன்ற பாறை) செய்த ஜிஎஸ்பி-2 சான்றுப்பொருளை உங்கள் முறையிலேயே கரைத்துப் பாருங்கள். அதன் சிர்கோனியம் மதிப்பு 550, கூடக்குறைய 30.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஆனால் சிர்கான் கனமான கனிமம் என்பதால், புட்டிக்குள் அடியில் தங்கிவிடும் வாய்ப்பும் உண்டு. பத்துப் புட்டிகளிலிருந்து இரண்டிரண்டு பகுதி எடுத்து, ஒரே நாளில், ஒரே முறையில் அளந்து, புட்டிகளுக்கிடையேயான வேறுபாட்டைப் பிரித்துக் கணக்கிட்ட பிறகே சான்று மதிப்பைப் பற்றிப் பேச முடியும். அரைத்த கலம் டங்ஸ்டன் கார்பைடாக இருந்தால் டங்ஸ்டன், கோபால்ட், டான்டலம் மூன்றுக்கும் சான்று தர வேண்டாம்; அவை கலத்திலிருந்தே பொடியில் கலந்திருக்கும். பிசிஆர்-2 என்ற பசால்ட் சான்றுப்பொருளில் தயாரிப்பின்போது கலந்த மாலிப்டினம் சுமார் 250 பிபிஎம் இருப்பது இத்துறையில் எல்லோரும் அறிந்ததே.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஜிஎஸ்பி-2 எங்கள் சூட்டுத்தட்டில் 436 மட்டுமே தந்தது; வடிதாளில் எஞ்சியதை நுண்ணோக்கியில் பார்த்தபோது கூர்முனைப் பட்டகங்களாகச் சிர்கான் மணிகள் கிடந்தன. உருக்கி அளந்தபோது அதே பொருள் 541-உம், எங்கள் கிரானைட் 522-உம் தந்தன. மற்ற இரு ஆய்வகங்களும் திறந்த கலத்தில்தான் கரைத்ததாக உறுதி செய்துள்ளன. ஆகவே அம்மூன்று முடிவுகளையும், புள்ளியியல் விலகலுக்காக அல்லாமல் முழுமையாகக் கரையாத காரணத்தை எழுதிவைத்தே நீக்குகிறேன். இட்டர்பியமும் லூட்டிசியமும் ஓரளவு சிர்கானில் தங்குபவை என்பதால் அவற்றையும் உருக்கியே மீண்டும் அளக்கிறேன். புட்டிச் சோதனை வரும் வாரம் தொடங்குகிறது.