மழலையர் காப்பகத்தில் ஆமையும் முயலும் வளர்க்கலாமா?

மழலைத்தோழி:
எங்கள் காப்பகத்தில் இரண்டு முதல் ஐந்து வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஒரு பெற்றோர் சின்ன ஆமை ஒன்றைத் தொட்டியோடு தருவதாகச் சொல்கிறார். கூடவே ஒரு ஜோடி முயலும் வளர்க்க எனக்கு ஆசை. படத்தைக் காட்டி உயிர்களிடம் அன்பு வராது. கீரை வைத்து, தண்ணீர் மாற்றி, "அது தூங்குது, சத்தம் போடாதே" என்று பக்கத்துப் பிள்ளையை அடக்கும்போதுதான் வரும். என்ன சொல்கிறீர்கள்?

வெண்பனி:
ஆமை வேண்டவே வேண்டாம். பளிச்சென்று இருக்கும் ஆமையின் மேலும், அதன் தொட்டித் தண்ணீரிலும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஆமைக்கு நோய் அறிகுறி எதுவும் இருக்காது. பிள்ளைக்குத்தான் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும். 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை விற்க அமெரிக்கா 1975இலேயே தடை போட்டது. சின்ன ஆமை என்றால் குழந்தையின் வாய்க்குள் போய்விடும் அல்லவா? ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் ஊர்வன, தவளை, கோழிக்குஞ்சு இவற்றைத் தொடவே கூடாது என்றுதான் அங்குள்ள நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சொல்கிறது.

கதிர்மணி:
ஆமை விஷயத்தில் சரி. அதற்காக எல்லா உயிரையும் விரட்ட வேண்டுமா? தொட்டபின் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவட்டும். பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு நல்ல பழக்கம்தானே.

வெண்பனி:
குழாயடிக்குப் போகும் முன்பே மூன்று வயதுப் பிள்ளையின் விரல் வாய்க்குள் இருக்கும், கதிர்மணி. பத்துப் பிள்ளைகளுக்கு ஒரே ஆள் நிற்கும் இடத்தில் யார் கையை யார் பார்ப்பது? கையில் அழுக்கு ஒட்டியிருந்தால் சானிடைசரும் சரியாக வேலை செய்யாது.

மருதாணி:
கால்நடை மருத்துவமனையில் வேலை செய்கிறேன். எல்லோரும் பிள்ளையைப் பற்றியே பேசுகிறீர்கள், முயலைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம். முயலுக்குத் தூக்கினாலே பயம். திமிறி உதைக்கும்போது அதன் முதுகெலும்பே முறிந்துவிடக்கூடும். அதனால் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. பெரியவர் தரையில் உட்கார்ந்து மடியில் வைத்துக்கொள்ள, ஒருவர் பின் ஒருவராக வந்து முதுகைத் தடவட்டும். அது ஓடி ஒளியக் கூண்டுக்குள் ஒரு மறைவிடமும் வேண்டும். சாப்பிடும் இடத்துக்குப் பக்கத்தில் கூண்டு கூடாது, அதன் தட்டைச் சமையல் தொட்டியில் கழுவவும் கூடாது. எந்தப் பிள்ளைக்கு ஒவ்வாமை, யாருக்கு இளைப்பு என்று பெற்றோரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

மழலைத்தோழி:
ஆமை வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன். முயலை விட மனம் வரவில்லை. மருதாணி அக்கா சொன்னபடி செய்தால் முடியும் என்றே தோன்றுகிறது.

கதிர்மணி:
தாராளமாகச் செய்யுங்கள் தோழி. நாய், பூனை மாதிரி கடியும் கீறலும் இல்லை.

மருதாணி:
முயலும் கடிக்கும், கீறும். அப்படி நம்பிப் பிள்ளைகளைத் தனியே விட்டுவிடாதீர்கள்.

வெண்பனி:
நீண்ட விடுமுறையில் யார் தீவனம் வைப்பார்? உடம்பு சரியில்லை என்றால் மருத்துவரிடம் யார் தூக்கிக்கொண்டு போவார்? அந்த ஆள் யாரென்று முடிவாகும்வரை, முயலுக்கும் என் பதில் வேண்டாம் என்பதுதான்.