புதுப்பிப்பு: 4கே வீடியோ பாதியில் நின்ற சிக்கல் தீர்ந்தது, மெமரி கார்டுதான் காரணம்
யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) 4கே பதிவு சில நொடிகளில் தானாக நிற்கிறது, கேமரா கோளாறா என்று கேட்டிருந்தேன்.

இல்லை, கார்டுதான். "கார்டில் பெரிதாக அச்சிட்ட 95-ஐ விடுங்கள், யு எழுத்துக்குள் உள்ள எண்ணைப் பாருங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. 95 என்பது படிக்கும் வேகம். யு-வுக்குள் 1 இருந்தால், எழுதும் வேகத்துக்கு உத்தரவாதம் நொடிக்கு 10 எம்பி (மெகாபைட்) மட்டுமே. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், 100-ஐ எட்டால் வகுத்தால் என் பதிவுக்கு நொடிக்கு 12.5 எம்பி தேவை. எழுதும் வேகத்துக்கு நொடிக்கு 30 எம்பி உத்தரவாதமுள்ள வி30 கார்டு போட்டு, கேமராவிலேயே ஃபார்மேட் செய்தபின் தடங்கலே இல்லை.

எதிர்பாராதது ஒன்று: எஸ்டிஎச்சி (32 ஜிபி வரையான கார்டு வகை) காலத்துப் பழைய கார்டு ரீடர் புதிய 64 ஜிபி கார்டைத் திறக்கவில்லை. அது 32 ஜிபிக்கு மேற்பட்ட எஸ்டிஎக்ஸ்சி வகை. அப்போது கணினி ஃபார்மேட் செய்யவா என்று கேட்டால் சம்மதிக்காதீர்கள், எடுத்ததெல்லாம் போய்விடும். கேமராவை யுஎஸ்பி கேபிளில் இணைத்ததும் கோப்புகள் வந்துவிட்டன.