இருப்பது ஒரு நாட்டில், பணம் வருவது மூன்று நாட்டிலிருந்து: வருமான வரி யாருக்குக் கட்டுவது?

தட்டச்சுக்காரி:

வணக்கம். இரண்டு வருடமாக வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பும் சப்டைட்டில் வேலையும் செய்கிறேன். அமெரிக்காவில் ஒரு நிறுவனம், ஜெர்மனியில் ஒருவர், பிரிட்டனில் ஒரு பதிப்பகம், இவர்களிடமிருந்துதான் வேலை வருகிறது. இது போக யூடியூபில் ஒரு சேனல், அதிலும் மாதாமாதம் கொஞ்சம் வருகிறது. நான் இருக்கும் நாட்டை வேண்டுமென்றேதான் சொல்லவில்லை, இங்கே படிப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறீர்கள், பதில் எல்லோருக்கும் உதவட்டும்.

மூன்று நாட்டிலிருந்து பணம் வந்தால் மூன்று நாட்டுக்கும் வரி கட்ட வேண்டுமா? வெளிநாட்டுப் பணத்துக்கு எங்கேயும் வரி கிடையாது என்கிறார் ஒரு தோழி. வங்கிக் கணக்கில் வந்து விழுந்தால்தான் வருமானம், பேபாலிலேயே கிடந்தால் கணக்கில் வராது என்கிறார் இன்னொருவர். போன மாதம் யூடியூப் பணத்தில் வரி என்று ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு மீதிதான் வந்தது. போன வருடக் கணக்கை நான் தாக்கலே செய்யவில்லை. ராத்திரி படுத்தால் இதே நினைப்புதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு:

முதலில் பயத்தை விடுங்கள், இது சரிசெய்யக்கூடிய விஷயம்தான். இருபது வருடமாகப் பிறர் கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நீங்கள் எங்கே வசிக்கிறீர்கள், எங்கே உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தீர்கள், இந்த இரண்டும்தான் முதலில் வேண்டும். பெரும்பாலான நாடுகள் தங்கள் வசிப்பாளரிடம் அவர் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் வரி கேட்கின்றன. வசிப்பாளர் யார் என்பதற்குப் பல இடங்களில் வருடத்தில் 183 நாள் அங்கே தங்கினாரா என்ற கணக்கு, இந்தியாவில் 182. நாள் கணக்கோடு முடிந்துவிடுவதும் இல்லை. கனடாவில் உங்கள் வீடு, துணைவர், பிள்ளைகள் எங்கே என்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள். அமெரிக்கா இன்னும் ஒருபடி மேலே, தன் குடிமக்கள் எந்த ஊரில் போய் இருந்தாலும் கணக்குக் காட்டச் சொல்கிறது, எரித்திரியாவும் வெளிநாட்டில் வாழும் தன் மக்களிடம் வரி கேட்கிறது.

சிங்கப்பூரை வைத்து ஒரு தவறான நம்பிக்கை பரவியிருக்கிறது. வெளிநாட்டு வருமானத்தைத் தனிநபர் உள்ளே கொண்டுவந்தால் அங்கே வரி இல்லை என்பது உண்மை. ஆனால் சிங்கப்பூரில் உட்கார்ந்து லண்டன்காரருக்குச் செய்து கொடுத்த வேலை வெளிநாட்டு வருமானம் ஆகாது, வேலை நடந்த இடம் சிங்கப்பூர்தானே. உங்கள் தோழி சொன்னதும் இதே வகைக் குழப்பம் என்று நினைக்கிறேன்.

உங்கள் மொழிபெயர்ப்பு வேலைக்கு வருவோம். அமெரிக்க நிறுவனம் கொடுத்தாலும் வேலையை அமெரிக்காவுக்கு வெளியே இருந்து செய்ததால், அவர்கள் சட்டப்படி அது அமெரிக்க வருமானமே இல்லை. நீங்கள் அமெரிக்கக் குடிமகளாக இல்லாதவரை, நான் அமெரிக்காவைச் சேர்ந்தவர் இல்லை என்று அறிவிக்கும் டபிள்யூ-8பென் படிவம் ஒன்றை நிரப்பி அந்த நிறுவனத்திடம் கொடுத்தால் போதும், பிடித்தம் இராது. அந்தப் படிவம் கையெழுத்திட்ட ஆண்டுக்கு அப்புறம் மூன்றாவது ஆண்டின் கடைசி நாள் வரை செல்லும். 2023-இல் போட்டிருந்தால் 2026 டிசம்பர் 31 வரை. பலர் மறப்பது இந்தத் தேதியைத்தான். ஆனால் எல்லா நாடும் இப்படி இல்லை. பிரேசில் போன்ற சில நாடுகள் தூரத்திலிருந்து செய்யும் வேலைக்குக்கூட பணம் அனுப்பும்போதே வரியைப் பிடித்துவிடும்.

பேபால் விஷயம்: உங்கள் கைக்கு எட்டும்படி வந்துவிட்டால் அது வருமானம்தான். வங்கிக்கு மாற்றாமல் அங்கேயே வைத்திருப்பது உங்கள் விருப்பம், அதற்காக வரி தள்ளிப்போகாது.

வெட்டிஒட்டி:

யூடியூப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், நானும் அதில் அடிபட்டவன். மொழிபெயர்ப்புக் கூலி வேறு, சேனல் வருமானம் வேறு. சேனல் பணத்தை அமெரிக்கச் சட்டம் ராயல்டியாக, அதாவது படைப்புக்கான உரிமைத் தொகையாகப் பார்க்கிறது, அதனால் அமெரிக்காவில் இருப்பவர்கள் பார்த்ததால் வந்த பங்குக்கு மட்டும் அங்கே வரி உண்டு. 2021 ஜூனிலிருந்து இப்படிப் பிடிக்கிறார்கள்.

ஒரு மாதம் 1000 டாலர் வந்தது, அதில் 100 டாலர் அமெரிக்கப் பார்வையாளர்களால் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருக்கும் நாட்டுக்கும் அமெரிக்காவுக்கும் வரி ஒப்பந்தம் இல்லை என்றால் அந்த 100-க்கு 30% பிடிப்பார்கள், அதாவது 30 டாலர். சிங்கப்பூர், மலேசியாக்காரர்கள் இந்த வகை. இந்தியாவில் இருந்தால் ஒப்பந்தப்படி 15%, ஆக 15 டாலர். பிரிட்டனில் இருந்தால் பூஜ்யம். ஆனால் வரி விவரத்தை நிரப்பாமலே விட்டால் மொத்த 1000-க்கும் 24% வரை பிடிக்கலாம், 240 டாலர்! ஒரு படிவத்துக்கு 240-க்கும் 15-க்கும் உள்ள வித்தியாசம். நான் மின்புத்தகம் விற்ற ஒரு தளத்தில் ஒப்பந்தப் பகுதியைத் தொடாமலே "அடுத்து, அடுத்து" என்று அமுக்கிவிட்டுப் போய், எட்டு மாதம் முழு 30% போனது. யூடியூபில் உங்கள் வரி விவரப் பக்கத்தை இன்றே திறந்து, ஒப்பந்தச் சலுகை கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

பேரேடு:

வெட்டிஒட்டி சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அங்கே பிடித்த வரியை இங்கே கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளப் பெரும்பாலான நாடுகள் விடும், இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தங்களே அதற்குத்தான். ஆனால் அந்த வருமானத்துக்கு உங்கள் நாட்டில் வரும் வரி எவ்வளவோ அதுவரைதான் கழிக்கலாம். ஒப்பந்தத்தில் 15% என்று இருக்கும்போது உங்கள் கவனக்குறைவால் 30% போயிருந்தால், மிச்ச 15-ஐ உங்கள் நாடு ஏற்காது, அமெரிக்காவிடம்தான் திரும்பக் கேட்க வேண்டும்.

சான்றுக்கு, அமெரிக்காவில் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று காட்டும் 1042-எஸ் என்ற தாளை வாங்கி வையுங்கள். அது ஜனவரி முதல் டிசம்பர் வரைக்கான கணக்கு. இந்தியாவின் வரி ஆண்டு ஏப்ரல் 1-இல் தொடங்குகிறது, பிரிட்டனில் ஏப்ரல் 6, ஆஸ்திரேலியாவில் ஜூலை 1. ஆக அந்தத் தாளை மாதவாரியாகப் பிரித்தால்தான் உங்கள் கணக்கோடு ஒத்துவரும். ஒவ்வொரு மாதமும் எழுதி வைக்காதவர்கள் இந்த இடத்தில்தான் திணறுகிறார்கள்.

நாடோடி:

நான் வருடத்தில் பாதி நாள் பயணத்தில் இருப்பவன். எங்கேயும் 183 நாள் தங்காவிட்டால் எங்கேயும் வரி இல்லை என்று நம்பித்தான் கிளம்பினேன். பழைய நாட்டில் வீடும் குடும்பமும் இருந்ததால் அந்த நாடு என்னை விடவே இல்லை. இரண்டு நாடுகள் ஒரே ஆளை வசிப்பாளர் என்று சொன்னால் ஒப்பந்தத்தில் ஒரு வரிசை உண்டு: நிரந்தர வீடு எங்கே, குடும்பமும் பிழைப்பும் எந்த நாட்டோடு நெருக்கம், வழக்கமாக எங்கே தங்குகிறார், கடைசியாகத்தான் குடியுரிமை. துபாய் போனால் எல்லாம் தீர்ந்தது என்பவர்களுக்கும் ஒன்று: அமீரகத்தில் தனிநபர் வருமான வரி இல்லை, ஆனால் சொந்தமாகத் தொழில் செய்பவரின் வரவு வருடத்துக்கு 10 லட்சம் திர்ஹமைத் தாண்டினால் நிறுவன வரி வரம்புக்குள் வந்துவிடுவார். பயணச்சீட்டு, கடவுச்சீட்டு முத்திரை எல்லாவற்றையும் படம் எடுத்து வையுங்கள். நான் எத்தனை நாள் எங்கே இருந்தேன் என்று நிரூபிக்க வேண்டி வந்தபோது அவைதான் கைகொடுத்தன.

தட்டச்சுக்காரி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. யூடியூபில் பார்த்தேன், ஒப்பந்தப் பகுதி காலியாகத்தான் கிடக்கிறது! நிரப்பிவிட்டேன். இப்போது போன வருடத்தை என்ன செய்ய? சின்னத் தொகை, யாருக்குத் தெரியப் போகிறது, இந்த வருடத்திலிருந்து ஒழுங்காகக் கட்டு என்கிறார் அண்ணன்.

பேரேடு:

அண்ணன் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் காலம் மாறிவிட்டது தங்கையே. 2017-லிருந்து நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் வங்கிக் கணக்கு விவரங்களை ஒன்றுக்கொன்று கொடுக்கத் தொடங்கிவிட்டன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 முதலும் பிரிட்டனில் 2024 முதலும் இணையத் தளங்களே அங்கே சம்பாதிப்பவர்களின் விவரத்தை வரித்துறைக்குத் தர வேண்டும். அவர்கள் கேட்டு நாம் சொல்வதற்கும் நாமே போய்ச் சொல்வதற்கும் அபராதத்தில் பெரிய வித்தியாசம் உண்டு. கனடாவில் தானாக முன்வந்து சொல்பவர்களுக்கென்றே தனித் திட்டம் இருக்கிறது. பிரிட்டனிலும் கேட்குமுன் சொன்னால் அபராதம் குறையும். இந்தியாவில், கெடு தாண்டினாலும் வரி, வட்டியோடு கூடுதலாக ஒரு தொகை கட்டிப் புதுப்பித்த ரிட்டர்ன் போடலாம், முதல் வருடத்துக்குள் என்றால் அந்தக் கூடுதல் 25%, தள்ளத் தள்ள ஏறும்.

ஒரு தாளில் (எக்செல் இருந்தால் நல்லது) தேதி, யார் கொடுத்தது, எந்தப் பணத்தில் எவ்வளவு, கமிஷன், பிடித்த வரி, அன்றைய மாற்று விகிதம் என்று கட்டம் போடுங்கள். 500 டாலருக்கு இன்வாய்ஸ் அனுப்பினீர்கள், கமிஷன் 25 போய்க் கைக்கு 475 வந்தது என்றால் வருமானம் 500, செலவு 25. எல்லோரும் 475 என்று எழுதிவிட்டு அப்புறம் தளத்தின் கணக்கோடு ஒத்துவரவில்லை என்று தவிப்பார்கள். மாற்று விகிதத்துக்கு உங்கள் நாட்டு விதி என்ன என்று பார்த்து ஒரே முறையைக் கடைசி வரை பிடியுங்கள்.

இனிமேல் வரும் ஒவ்வொரு தொகையிலும் ஒரு பங்கை வேறு கணக்கில் தள்ளிவையுங்கள். சம்பளக்காரருக்கு முதலாளி பிடித்துக் கட்டிவிடுவார், உங்களுக்கு அந்த ஆள் இல்லை. பல நாடுகளில் முன்கூட்டியே தவணை தவணையாகக் கட்டச் சொல்கிறார்கள், தவறினால் வட்டி. ஜிஎஸ்டி, வாட் எல்லாம் வேறு கதை, அதைத் தனியாகக் கேளுங்கள்.

தட்டச்சுக்காரி:

உட்கார்ந்துவிட்டேன் அண்ணா. பேபால் வரலாற்றை முழுக்க இறக்கியாகிவிட்டது, 24 மாதம். ஜெர்மனிக்காரர் இரண்டு முறை கொடுத்தது என் நோட்டில் இல்லவே இல்லை, இப்போதுதான் கண்ணில் பட்டது. போன வருடத்துக் கட்டங்களை இந்த வாரக் கடைசிக்குள் முடித்து ஆடிட்டரிடம் கொடுக்கிறேன்.