ஒரே பாத்திரத்தில் செட்டிநாட்டு மசாலா பாஸ்தா: தண்ணி அளவு, அடிபிடிக்கிறது, பால் திரியறது

தேவகோட்டை அடுப்படி
ராத்திரிக்கு இட்லி மாவு இல்லாத நாள்ல, தனியா வேகவச்சு வடிக்காம ஒரே வாணலியில பென்னே பாஸ்தா பண்ணணும். கோழிக்கறியும் நம்ம ஊர் மசாலாவும் போட்டு, மூணு பேருக்கு, அரை மணி நேரத்துக்குள்ள. மேல குழையுது, உள்ள மாவா நிக்குது, அடியும் பிடிக்குது. கடைசியில பால் ஊத்தினா திரிஞ்சுபோகுது. தண்ணி எவ்வளவு வைக்கணும்? இரும்பு வாணலி சரிப்படுமா?

காரைக்குடி கரண்டி
முதல்ல பாத்திரத்தை மாத்துங்க. குழிஞ்ச வாணலியில பாஸ்தா குவிஞ்சு நிக்கும். அடியில இருக்கிறது தண்ணிக்குள்ள குழையும், மேல இருக்கிறது ஆவியில அரைகுறையா வேகும். 28 செ.மீ. அகலம், தட்டையான கனத்த அடி, மூடி உள்ள பாத்திரம் வேணும். இரும்பு வேண்டாம். தக்காளிப் புளிப்போட கால் மணி நேரம் கொதிச்சா இரும்பு வாடை ஏறும், நிறமும் கறுக்கும். மூணு அடுக்கு எவர்சில்வர் நல்லது.

அளவு: பென்னே 250 கிராம், கொதிக்கிற தண்ணி 700 மி.லி., கைவசம் இன்னும் 100 மி.லி. எலும்பில்லாத தொடைக்கறி 250 கிராம் சின்னத் துண்டா, சின்ன வெங்காயம் 15, பெரிய தக்காளி 3, பூண்டு 6 பல், நல்லெண்ணெய் 2 மேசைக்கரண்டி.

எண்ணெய் காஞ்சதும் சோம்பு, கறிவேப்பிலை, பூண்டு, வெங்காயம் போட்டு வதக்கி, கறியைப் போட்டு நாலு நிமிஷம் பிரட்டுங்க. நெஞ்சுக்கறின்னா இந்தக் கட்டத்துல எடுத்து வச்சிட்டுக் கடைசி மூணு நிமிஷம் திரும்பப் போடணும், இல்லேன்னா சக்கையாயிடும். தக்காளி கரைஞ்சு எண்ணெய் பிரியற வரைக்கும் விடணும். அப்புறம் மசாலா, உடனே சுடுதண்ணி. தளதளன்னு கொதி வந்த பிறகுதான் பாஸ்தா. பச்சைத்தண்ணியில போட்டுக் கிளறாம விட்டா கொதி வர்றதுக்குள்ளயே மேல்மாவு பசையாகி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். அடி பிடிக்கிறதுக்கும் அந்தப் பசைதான் காரணம்.

முதல் மூணு நிமிஷம் விடாம கிளறுங்க, ஒட்டறது அப்பத்தான். அப்புறம் மூடியைக் கொஞ்சம் திறந்து வச்சு, மிதமான தீ, ரெண்டு நிமிஷத்துக்கு ஒரு கிளறு. பாக்கெட்ல போட்டிருக்கிற நேரத்துக்கு ஒரு நிமிஷம் முன்னாடி ஒண்ணை எடுத்துக் குறுக்கே வெட்டிப் பாருங்க. நடுவுல மெல்லிசா வெள்ளைக் கோடு தெரிஞ்சா அடுப்பை அணைச்சு மூடி மூணு நிமிஷம் விட்டுடுங்க, மிச்சம் அந்தச் சூட்டுல வெந்துரும். கரண்டியால இழுத்தா அடி தெரிஞ்சு, மெதுவா குழம்பு வந்து மூடணும். அதுதான் பதம். ஆறினா இன்னும் இறுகும், அதனால கொஞ்சம் தளர்வாவே இறக்குங்க.

உப்பு ஒண்ணேகால் தேக்கரண்டிக்கு மேல வேண்டாம். வடிக்கிற முறையில உப்பு தண்ணியோட போயிடும், இதுல அத்தனையும் உள்ளேயே நிக்கும்.

கண்டனூர் ஆச்சி
மசாலாவுக்கு: மல்லி 2 தேக்கரண்டி, சோம்பு 1, மிளகு 1, சீரகம் அரை, குண்டு மிளகாய் 4, பட்டை ஒரு துண்டு, கிராம்பு 2, அன்னாசிப்பூவில் இரண்டே இதழ், கல்பாசி (பாறையில் வளரும் வாசனைப் பாசி) ஒரு சிட்டிகை. மல்லியை முதலில் போட்டு இளந்தீயில் வறுக்க வேண்டும். கல்பாசியை அடுப்பை அணைத்த பிறகு சட்டிச் சூட்டிலேயே புரட்டினால் போதும். கருகினாலும் அளவு கூடினாலும் கசக்கும். அன்னாசிப்பூ முழுதாகப் போட்டால் வேறு எந்த வாசமும் எழும்பாது.

கறிக்குழம்புக்கு அரைப்பது போல் கொரகொரப்பாக விடாதீர்கள். பாஸ்தா வழவழப்பானது, திப்பி நாக்கில் தனியாகத் தட்டுப்படும். நைசாகப் பொடித்துச் சலித்து, 250 கிராமுக்கு இரண்டரைத் தேக்கரண்டி. தேங்காய் சேர்க்காமல் அரைத்தால் ஞாயிற்றுக்கிழமை செய்தது வாரம் முழுக்க ஆகும்.

பாலை விட்டுவிடுங்கள். தக்காளிப் புளிப்பும் சூடும் சேர்ந்தால் பால் திரியத்தான் செய்யும். கெட்டியான முதல் தேங்காய்ப்பால் 100 மி.லி., அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள், கொதிக்க விட்டால் அதுவும் பிரியும். இந்த மசாலாவுக்கு க்ரீமை விட அதுதான் பொருந்தும்.

தேவகோட்டை அடுப்படி
ரொம்ப நன்றி ஆச்சி. கறி இல்லாத நாள்ல கேரட், பீன்ஸ் போட்டா தண்ணி அளவு மாறுமா? பிள்ளைங்க சீஸ் கேட்கிறாங்க, அது திரியாதா?

புதுவயல் வாசகர்
தண்ணி அதேதான். ஆனா காயைத் தக்காளிக்கு முன்னாடி வதக்கி முக்கால் பதம் வேகவிட்ருங்க. புளிப்புல காய் சீக்கிரம் வேகாது, பாஸ்தா குழைஞ்ச பிறகும் பீன்ஸ் நறுக்குனு நிக்கும். காளான்னா தானே தண்ணி விடும், 50 மி.லி. குறைச்சுக்கலாம்.

சீஸ் கட்டி ரெண்டை அணைச்ச பிறகு துருவிப் போடுங்க. பதப்படுத்திய சீஸ்ல கொழுப்பு பிரியாம இருக்க உப்புகள் சேர்த்திருப்பாங்க, திரியாது. அப்போ தேங்காய்ப்பால் வேண்டாம், உப்பும் கால் தேக்கரண்டி குறைக்கணும்.

ஒண்ணு விட்டுப்போச்சு: பாக்கெட்ல டியூரம் கோதுமைன்னு (கெட்டியான கோதுமை வகை) இருக்கான்னு பாருங்க. மைதா பாஸ்தா இந்த முறைக்குத் தாங்காது, கிளறக் கிளறக் கூழாயிடும். அது மட்டும்தான் வீட்ல இருக்குன்னா வடிச்சே பண்ணுங்க.