மறு: ‘டே டிக்கெட்’ ஏரிக்குத் தமிழ்ச்சொல்: நாட்சீட்டா, நாட்பாசியா?

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாள் ஊரில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் இந்த இழை அனுமார் வால் மாதிரி நீண்டு கிடக்கிறது. நான் கேட்டது ஒரே ஒரு சொல்தான். இங்கிலாந்தில் நாள் கணக்கில் காசு கட்டிக் கெண்டை பிடிக்கப் போகிறோமே, ‘டே டிக்கெட் லேக்’, அதைத் தமிழில் எப்படி எழுதுவது என்று. பாதிப் பேர் ஏரிக்கும் குளத்துக்கும் என்ன வேறுபாடு என்று இறங்கிவிட்டீர்கள். அதைப் பிறகு வைத்துக்கொள்வோம். வந்த சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன்.

> கட்டண ஏரி என்று எழுதிவிட்டுப் போகலாமே. எதற்கு இத்தனை பாடு?

கட்டண ஏரி என்றால் நம் ஆட்கள் மனத்தில் வருவது படகுத்துறை, குதிரை சவாரி, மிளகாய் பஜ்ஜி. மீன் வராது. கட்டணக் கழிப்பிடம் வேறு நினைவுக்கு வந்து தொலைக்கிறது. வேண்டாம்.

> அனுமதிச்சீட்டு ஏரி

இதைத்தான் நானும் முதலில் குறித்து வைத்திருந்தேன். சிக்கல் எங்கே என்றால், இங்கே தூண்டில் போட இரண்டு அனுமதி வேண்டும். ஒன்று அரசு தருவது. 13 வயது நிறைந்த யாரும் இங்கிலாந்தின் ஆறுகளிலோ குளங்களிலோ தூண்டில் போட வேண்டுமானால் சுற்றுச்சூழல் முகமையிடம் உரிமம் எடுத்தாக வேண்டும். 13 முதல் 16 வயது வரை இலவசம், ஆனால் எடுக்காமல் இருக்க முடியாது. கெண்டைக்கு இரண்டு தூண்டில் வரை ஒரு உரிமம், மூன்று தூண்டிலுக்கு வேறு. இல்லாமல் மாட்டினால் 2,500 பவுண்டு வரை அபராதம் விழலாம். இது கையில் இருந்தாலும் எந்த ஏரியிலும் உட்கார்ந்துவிட முடியாது. அந்த நீரில் மீன்பிடிக்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் ஒரு நாளுக்கோ இரண்டு நாளுக்கோ காசு கொடுத்து வாங்குவதுதான் டே டிக்கெட். ‘அனுமதிச்சீட்டு இருக்கிறதா?’ என்று கேட்டால் எதைக் காட்டுவது? முதலாவதற்குத் ‘தூண்டில் உரிமம்’ என்று வைத்துவிடலாம், அதில் யாருக்கும் மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன். இரண்டாவதுதான் இன்றைய வழக்கு.

> நாட்சீட்டு. நாட்குறிப்பு, நாட்காட்டி போல. புணர்ச்சி சரி, சொல்லும் சின்னது.

கோவை ஐயா எழுதியது. புணர்ச்சி சரிதான் ஐயா. பார்க்கவும் அழகாக இருக்கிறது. ஆனால் ‘நாளைக்கு நாட்சீட்டுக்குப் போகிறேன்’ என்று வீட்டில் சொல்லிப் பார்த்தேன். ‘யார் பிடிக்கிற சீட்டு? மாசம் எவ்வளவு?’ என்று மனைவி கேட்டாள். அவளுக்கு யாழ்ப்பாணம். லண்டன் தமிழர் வீடுகளில் சீட்டு என்றால் வேறு பொருளே கிடையாது. மதுரைப் பக்கம் போனால் ரம்மி. கடைத்தெருவில் தினவசூல் சீட்டும் இருக்கிறது, அதற்கும் நாட்சீட்டு அச்சாகப் பொருந்தும். மீனும் பிடிப்பது, சீட்டும் பிடிப்பது என்றிருக்க, குழப்பம் தீரவே தீராது.

சரி, சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம். அந்தக் காசு எதற்கு?

ஆக்ஸ்ஃபோர்டுக்கு மேற்கே லீனியர் ஃபிஷரீஸ் என்று ஏரிக்கூட்டம் ஒன்று இருக்கிறது. ஜல்லியும் மணலும் தோண்டி எடுத்த பள்ளங்கள் நீர் நிறைந்து ஏரியானவை. பிரேசனோஸ், செயின்ட் ஜான்ஸ் என்று கல்லூரிப் பெயர்களைச் சில ஏரிகளுக்கு வைத்திருக்கிறார்கள். விடியும் முன்பே போய், கரையைச் சுற்றி நடந்து, மீன் துள்ளுகிறதா, குமிழி வருகிறதா என்று பார்த்து, ஓர் இடத்தைப் பிடித்து, கூடாரம் அடித்து, இரண்டு மூன்று தூண்டிலைத் தாங்கியில் வைத்துவிட்டு உட்கார வேண்டும். 24 மணி நேரம், 48 மணி நேரம் என்று இருக்கிறார்கள். பிடிபட்ட மீனை மெத்தையில் கிடத்தி, தூண்டில் முள்ளை எடுத்து, எடை போட்டு, படம் எடுத்து, புண் இருந்தால் மருந்து தடவி, நீரில் விட்டுவிட வேண்டும். வீட்டுக்கு ஒரு செதில் கூட வராது.

போன கோடையில் சித்தப்பா வந்திருந்தார். சிவகங்கைப் பக்கத்துக்காரர். ஒரு காலத்தில் எங்கள் ஊர்க் கண்மாயை ஏலம் எடுத்து நட்டப்பட்டவர். அவரை ஓர் ஏரிக்கு அழைத்துப் போனேன். எந்த ஏரி என்று சொல்லப்போவதில்லை, காரணம் கீழே வருகிறது. வாசலில் நான் காசு கட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அப்புறம் சாதாரணமாகச் சொன்னார்: “ஒரு நாளைக்குப் பாசி எடுத்திருக்கே. சரி, சரி.”

எனக்குப் பொறி தட்டியது அங்கேதான்.

தெரியாதவர்களுக்காக: தென்மாவட்டங்களில் கண்மாய், ஊருணியில் மீன்பிடிக்கும் உரிமையை ‘மீன்பாசி’ என்பார்கள். பாசி ஏலம், பாசி குத்தகை, பாசி எடுத்தவர். ஏல அறிவிப்பிலேயே ‘மீன்பாசி குத்தகை’ என்றுதான் இருக்கும். கண்மாய் அரசுக்கோ ஊராட்சிக்கோ சொந்தம், தண்ணீர் ஆயக்கட்டுக்காரருக்கு, பாசி மட்டும் ஏலம் எடுத்தவருக்கு. நீர் ஒருவருக்கு, நீரில் உள்ள மீனை அணுகும் உரிமை இன்னொருவருக்கு என்று பிரித்துப் பார்க்கும் சொல் நம்மிடம் ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது. இங்கேயும் நிலைமை அதேதான். கிழக்கு லண்டன் வால்தம்ஸ்டோ நீர்த்தேக்கங்கள் ஊருக்குக் குடிநீர் தருபவை, குடிநீர் நிறுவனத்துக்குச் சொந்தம். அதே நீரில் ஒரு நாள் தூண்டில் போடும் உரிமையைத் தனியாக வாங்கலாம்.

ஆகவே என் முன்மொழிவு: நாட்பாசி. ஏரியைச் சொல்லும்போது நாட்பாசி ஏரி.

இதில் எனக்குப் பிடித்தது, சொல் குட்டி போடுகிறது. முழு ஆண்டுக்கு எடுத்தால் ஆண்டுப்பாசி. இரவுக்கு மட்டும் எடுத்தால் இராப்பாசி. பத்திருபது பேர் சேர்ந்து ஓர் ஏரியை எடுத்து வெளியாரை விடாமல் வைத்திருக்கிறார்களே, இங்கே ‘சிண்டிகேட்’ என்கிறார்கள், அது கூட்டுப்பாசி. சீட்டை வைத்துக்கொண்டு இதையெல்லாம் செய்து பாருங்கள். கூட்டுச்சீட்டு என்றால் காவல் நிலையம் வரை போகும்.

எதிர்ப்பு எங்கிருந்து வரும் என்று தெரியும். சென்னைக்காரர்கள் பாசி என்றால் பச்சையாய்ப் படர்வதைத்தான் நினைப்பார்கள். நாட்பாசி ஏரி என்றால் நாள்பட்ட பாசி பிடித்த ஏரி என்று படிப்பார்கள். (கோடையில் நீலப்பச்சைப் பாசி படர்ந்து இங்கே ஏரிகளை மூடுவதும் உண்டு. அன்றைக்குப் பாசியால் பாசி கிடையாது என்று எழுத வேண்டியதுதான்.) இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. பாசி எடுத்தவர் மீனை அள்ளி விற்பவர், இங்கே மீனைத் தொட்டுவிட்டு விட வேண்டும், இரண்டும் ஒன்றாகுமா? ஆகும் என்பேன். பாசி என்பது உரிமையின் பெயர். அதற்குள் என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்பது நிபந்தனை. மீனுக்காகக் கண்மாய்த் தண்ணீரை வடிக்கக்கூடாது என்பது அங்கே நிபந்தனை என்றால், மீனைத் திருப்பி விடு என்பது இங்கே நிபந்தனை.

இனி ‘ஸ்விம்’. கரையில் நாம் உட்காரும் இடம். ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கும். முந்தைய மடல் ஒன்றில் இதை ‘நீச்சல்’ என்று கணினி மொழிபெயர்த்த வரியை ஒட்டியிருந்தீர்கள், ‘14ஆம் நீச்சலில் பெரிய கெண்டை’ என்று. அரை மணி நேரம் சிரித்தேன். இதற்குச் சொல் தேடவே வேண்டாம், துறை இருக்கிறது. படித்துறை, தோணித்துறை, தூண்டில்துறை. மீன்வளத் துறையோடு குழம்பாதா என்று கேட்டவருக்கு: எண்ணோடு வந்தால் குழம்பாது. ‘14ஆம் துறை காலியாக இருந்தால் நாட்பாசி எடுக்கலாம்.’ வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உறுத்தவில்லை. துறையே பிடித்துப்போய் நாள்+துறை என்று ஏரிக்கும் கட்டிப் பார்த்தேன். இலக்கணப்படி ‘நாட்டுறை’ ஆகிறது. நாட்டு உறையா, நாட்டில் உறைவதா என்று ஆகிவிடும், அதனால் கைவிட்டேன்.

கரையைச் சுற்றிவந்து காசு, உரிமம், முள், மெத்தை எல்லாம் பார்க்கும் ஆளுக்குக் ‘கங்காணி’ என்று ஒருவர் எழுத, ஹட்டனிலிருந்து தங்கை அதை மறுத்திருந்தார். மறுப்பு நியாயம். தேயிலைத் தோட்டத்தில் அந்தச் சொல் சுமந்த வலியை மீன் பிடிக்கிற பொழுதுபோக்குக்குள் கொண்டுவர வேண்டாம். கரைக்காவலர் போதும்.

அந்தக் காவலரால்தான் ஏரியின் பெயரைச் சொல்லவில்லை. சித்தப்பா வந்த அன்று நான் கொண்டுபோன முள்ளில் செவுள் இருந்தது. செவுள் என்பது எங்கள் ஊர் வழக்கு: முள் கழன்றுவிடாமல் உட்புறம் எதிர்த்து நிற்குமே சின்னக் கூர், அது. அந்த ஏரியில் அது கூடாது. விதிப்பலகை வாசலிலேயே இருந்தது, நான் படிக்கவில்லை. சித்தப்பா முன்னால் வைத்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். குறடால் அதை நசுக்கிவிட்டு உட்காரச் சொன்னார்கள். ‘செவுளில்லா முள்’ என்று சொற்பட்டியலில் சேர்த்துவிடுகிறேன். வேறு ஊர்களில் வேறு பெயர் இருந்தால் எழுதுங்கள், மீனின் செவுளோடு இது மோதுகிறது என்பது எனக்கே தெரிகிறது. முள்ளுக்கே சங்கப் பாட்டில் ‘கொடுவாய் இரும்பு’ என்று வருகிறது, அகநானூறு. வாய் வளைந்த இரும்பு. பொருத்தம் அபாரம். ஆனால் விதிப்பலகையில் எழுதினால் என்னைப் போல யாரும் படிக்க மாட்டார்கள்.

‘பாய்லி’க்கு வருகிறேன். மாவும் முட்டையும் பிசைந்து, உருட்டி, கொதிநீரில் போட்டு எடுத்த இரை உருண்டை. முட்டை வெந்து மேல்தோல் இறுகுவதால் சின்ன மீன்கள் கொத்திக் கரைக்க முடியாது, கெண்டை வரும்வரை கிடக்கும். 15 மில்லிமீட்டர் அளவில் நிறையப் பார்க்கலாம். பிடிகொழுக்கட்டை என்று ஒருவர் எழுதியிருந்தது வேடிக்கையாக இருந்தாலும் செய்முறை கிட்டத்தட்ட அதுதான். என் ஓட்டு அவியிரைக்கு. அவித்த, அவிக்கிற, அவிக்கும் இரை, வினைத்தொகை. வேள்வியில் போடும் அவியும் நினைவுக்கு வரட்டும், மாதச் சம்பளத்தில் கணிசமான பகுதி அதில்தான் போகிறது.

‘ஹேர் ரிக்’ இதைவிடச் சிக்கல். இரையை முள்ளில் குத்தாமல், முள்ளின் வளைவுக்குக் கீழே ஒரு மெல்லிய இழையில் தொங்கவிடுவது. கெண்டை இரையை உறிஞ்சும், பிடிக்காவிட்டால் துப்பும். துப்பும்போது வெறுமையாக இருக்கும் முள் உதட்டில் தைக்கும். 1980ஐ ஒட்டி லென் மிடில்டனும் கெவின் மேடக்ஸும் கண்டறிந்தது, முதலில் உண்மையிலேயே தலைமுடியைத்தான் கட்டிப் பார்த்தார்கள். மயிர்த்தூண்டில் என்றால் நேரான தமிழ்தான், ஆனால் எந்த அவையில் சொல்வது? முடித்தூண்டில் என்கிறேன். முடி கூந்தலும் ஆகும், முடிச்சுப் போடுவதும் ஆகும்.

கொத்தினால் ஒலிக்கும் கருவிக்குக் கொத்துமணி. கூடாரம் கூடாரமே. ஆறுகளில் மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கெண்டை போன்ற மீன்களைப் பிடிக்கக் கூடாத காலத்துக்கு நம் கடற்கரையின் ‘தடைக்காலம்’ தயாராக இருக்கிறது. பெரும்பாலான ஏரிகளுக்கு 1995 முதல் அது பொருந்தாது, அதனால்தான் ஏப்ரலிலும் நாட்பாசி கிடைக்கிறது.

> கெண்டை என்பதே சரியா? கெண்டை விரல் நீளம்தானே?

நல்ல கேள்வி. கெண்டை விழியாள் என்று பாடியவர்கள் 40 பவுண்டு மீனை நினைத்திருக்க மாட்டார்கள். கெண்டைக்காலுக்கு வேண்டுமானால் இது பொருந்தும். ஆனால் மீன்வளத் துறை பல காலமாகப் புல்கெண்டை, வெள்ளிக்கெண்டை, சாதாக் கெண்டை என்று எழுதிவருகிறது. இந்தச் சாதாக் கெண்டைதான் இங்கேயும். அதன் செதில் குறைந்த வகையான கண்ணாடிக் கெண்டை 1939லேயே இலங்கையிலிருந்து நீலகிரிக்கு வந்துவிட்டது. நமக்கு அந்நியமில்லை.

கடைசியாக ஒன்று பாக்கி, இதற்கு என்னிடம் சொல் இல்லை: பிடித்து, திரும்ப விடுவது. 1952ல் ஹெரிஃபோர்ட்ஷயரின் ரெட்மயர் குளத்தில் ரிச்சர்ட் வாக்கர் 44 பவுண்டுக் கெண்டையைப் பிடித்தபோது அதை லண்டன் விலங்குக்காட்சிச் சாலைக்குக் கொடுத்தார். அங்கே தொட்டியில் பல ஆண்டு இருந்தது. இன்று ஒரு நாட்பாசி ஏரியில் அப்படிச் செய்தால் வாழ்நாள் தடையே வரலாம். ‘பிடிவிடு’ என்று எழுதினேன், பிடிவாதம் மாதிரி ஒலிக்கிறது. ‘மீள்விடுகை’ அரசாணை மாதிரி இருக்கிறது. சித்தப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். “சும்மா விடறதுக்கு எதுக்குடா பேரு?” என்றார்.

சனிக்கிழமை 9ஆம் துறை கிடைக்கும்போல. திங்களன்று வந்து அடி வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடன்,
கிழக்கு லண்டனிலிருந்து