இரண்டரை வயது மகன் மென்று சாப்பிடவே மாட்டேன் என்கிறான், எடையும் ஏறவில்லை

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு டவுன் சிண்ட்ரோம், வயது இரண்டரை. குழையப் பிசைந்து கொடுத்தால் வாயைத் திறப்பான். அதில் சின்னக் கட்டி ஒன்று தட்டுப்பட்டால் போதும், நாக்காலேயே அதை மட்டும் பிரித்து உதட்டோரத்தில் தள்ளிவிடுவான். அந்தத் திறமையைப் பார்த்தால் சில சமயம் சிரிப்புத்தான் வருகிறது. ஆனால் எடை சில மாதங்களாக அப்படியே நிற்கிறது.

வழக்கமான வளர்ச்சி அட்டவணையில் அவன் புள்ளி அடிக்கோட்டுக்கும் கீழே. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கென்றே 2015-ல் அமெரிக்காவில் வெளியான அட்டவணையில் வைத்துப் பார்த்தால் அவ்வளவு மோசமில்லை. என்றாலும் கோடு மேலே போகவில்லையே! தைராய்டு பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது. செலியாக் (கோதுமையில் உள்ள குளூட்டன் குடலுக்கு ஒத்துக்கொள்ளாத நோய்) பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருக்கிறோம். மலச்சிக்கல் உண்டு, அந்த நாட்களில் தட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்வான். தண்ணீர் குடிக்கும்போது லேசாக இருமுகிறான், அதனால் விழுங்குவதையும் சோதிக்கச் சொல்லிக் கேட்கப் போகிறேன்.

தசைத் தளர்வால் மெல்லும்போதே சீக்கிரம் களைத்துவிடுகிறான் என்று பேச்சுப் பயிற்சியாளர் சொல்கிறார். "பசித்தால் தானே சாப்பிடுவான்" என்ற அறிவுரை வீட்டிலேயே நிறையக் கிடைக்கிறது, அது மட்டும் வேண்டாம் ப்ளீஸ்.

கூழ் பதத்திலிருந்து மெல்லும் பதத்துக்கு உங்கள் பிள்ளைகளை எப்படிக் கொண்டுவந்தீர்கள்? நாற்காலியில் கால் ஊன்றப் பலகை வைத்தது யாருக்காவது உதவியதா? வளர வளர இந்தப் பிள்ளைகளுக்கு எடை கூடிப்போவதும் சகஜம் என்கிறார்கள். அப்படியானால் இப்போது எண்ணெய், வெண்ணெய் சேர்த்துக் கொடுக்கலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.